சீனச் சட்டியின் வைராக்கியம்

சீனாவில் பிறந்த இரும்புச் சட்டி ஒன்று கடல் கடந்து நம்மூர் ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்றே அதில் கோபி மஞ்சூரியன் போட்டுப் புரட்டினார்கள்.

"எங்க நாட்டுல இப்படி ஒரு பண்டமே கிடையாது. இது என் உடம்புல வேகாது" என்று சட்டி கறுவிக்கொண்டது. அன்றிலிருந்து மஞ்சூரியன் என்றாலே அடிப்பிடித்தது. மாஸ்டர் திட்டிக்கொண்டே சுரண்டித் தேய்த்தார். சட்டி மசியவில்லை.

"உனக்கு எதுக்கு இந்த வீம்பு? சனங்க ஆசையாத்தானே சாப்பிடுறாங்க?" என்றது பக்கத்து அடுப்பிலிருந்த இட்லிக் கொப்பரை.

"எங்க ஊர்க்காரன் ஒருத்தன் வரட்டும். அப்புறம் பாரு."

நிஜமாகவே ஒருநாள் வந்தான், காற்றாலை பொருத்த வந்த சீன இன்ஜினீயர் ஒருவன். சைகை காட்டி, முட்டையும் தக்காளியும் மட்டும் வதக்கித் தரச் சொன்னான். சட்டி துளிகூட ஒட்டவிடாமல் உயிரைக் கொடுத்துச் சமைத்தது. அவனும் ருசித்துத் தலையாட்டினான். பிறகு பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து, கொத்தமல்லி தூவிய கோபி மஞ்சூரியனைக் கைகாட்டினான்.

ஆத்திரத்தில் சட்டி என்றைக்கும் இல்லாத அளவுக்கு அடிப்பிடித்தது. அந்தத் தீய்ந்த வாடையோடேயே அவன் ஒரு பிளேட்டை வழித்துத் தின்றான். இன்னொன்றைப் பார்சல் வாங்கிக்கொண்டு போனான்.

கொப்பரை வாயைத் திறப்பதற்குள் சட்டி முந்திக்கொண்டது.

"அவன் சீனாக்காரனே இல்ல!"