காற்று போகும் பக்கம்

"முடிச்ச நீதான் போடணும், ரிஸ்தி. வீட்டாளுங்க போடறதுதான் நம்ம வழக்கம்," என்று சொல்லி, கணவரின் பழைய கூட்டாளி கென்ரிக் மாடல் விமானத்தை அவள் மடியில் வைத்தார்.

ஒரு தம்ளர் தேநீரின் எடைகூட இல்லை. சிறகு மட்டும் அவள் இரு கைகளையும் விரித்த அளவுக்கு நீண்டிருந்தது.

கணவர் கென்ஜெபெக் போய் இன்றோடு ஓராண்டு. காலையில் வீட்டில் குதிரைக்கறி சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி, துஆவும் ஓதியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மாடல் விமானக்காரர்கள் விடவில்லை. கராகண்டா நகருக்கு வெளியே, அவர் பறக்கவிட்ட அதே புல்வெளிக்கு அவளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ரிஸ்திக்கு முழங்கால் வலித்தது. ஓராண்டாகத் தேநீர் ஊற்றியே களைத்திருந்தாள். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டி, அதிலும் களைத்திருந்தாள்.

"எறியறப்ப அண்ணன் ஒரு கத்து கத்துவாரே, அண்ணி," என்றான் தௌலத், எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டை ஒன்றை வாயில் அடக்கியபடி. "மேயற குதிரைகூட நின்னு பாக்கும். அந்தக் கத்துக்குப் பயந்துதான் மாடல் மேல ஓடுதுன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

அவள் தலையாட்டினாள்.

இந்த விமானங்களைத் தரையிலிருந்து ஓட்ட முடியாது. வயிற்றுக்குள் இருக்கும் ரப்பர் இழைகளை முறுக்கி, வானத்தைப் பார்த்து எறிய வேண்டும், அவ்வளவுதான். இழை பிரியப் பிரிய முன்விசிறி சுழலும், விமானம் ஏறும். பிறகு அது யார் பேச்சையும் கேட்காது.

வெயிலில் ஒரு துண்டு நிலம் மட்டும் சுற்றியுள்ள நிலத்தைவிட அதிகமாகச் சூடாகும். அதன் மேலிருக்கும் காற்று தூண்போல எழும்பும். அந்தத் தூணுக்குள் நுழைந்துவிட்டால் விமானம் இறங்கவே இறங்காது. மேகம் வரை போய்க் காணாமல் போகும்.

அதற்குத்தான் கடிகாரம். பழைய காமிராவில், படம் எடுப்பவரும் ஓடிப்போய்ப் படத்தில் நின்றுகொள்ள அவகாசம் தரும் குட்டிக் கடிகாரம் ஒன்று இருக்குமே, அதைக் கழற்றி கென்ஜெபெக் விமானத்தின் விலாவில் பொருத்துவார். வாலை இழுத்துப் பிடிக்கும் நூலின் நுனி கடிகாரத்தின் கொக்கியில் மாட்டியிருக்கும். நேரம் முடிந்ததும் கொக்கி நூலை விடும். வால் மேலே மடங்கும். சிறகு காற்றில் வழுக்குவதை நிறுத்திவிடும். அடிபடாமல், படுக்கைவாட்டில், விமானம் இறங்கும்.

செத்தவரின் கடைசி விமானத்தில் மட்டும் கடிகாரத்தை முறுக்க மாட்டார்கள். நூலை உடம்போடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். சூடான காற்று அதைக் கொண்டுபோகும். யாரும் தேடப் போவதில்லை. கென்ஜெபெக்கே இரண்டு நண்பர்களுக்கு அப்படி எறிந்திருக்கிறார்.

அவருடைய மற்ற விமானங்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட ரிஸ்திக்கு மனமில்லை.

வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் காரணம் கேட்பார்கள். அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"காத்துல நூல் ஆடுது," என்று முணுமுணுத்துவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

நூலைக் கொக்கியில் மாட்டினாள். கடிகாரத்தை முழுவதும் முறுக்கினாள். எதையும் பிடிக்காத ஒரு முடிச்சைப் பக்கத்தில் பார்வைக்குப் போட்டுவைத்தாள்.

கென்ரிக் ரப்பரை முறுக்கி முடித்து விமானத்தை வாங்கினார். அவர் பெருவிரல் கடிகாரத்தை ஓடாமல் பிடித்துவைக்கும் விசையின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தது. இளவயதிலிருந்து எறிகிற கை. கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விரலுக்கு அதுதான் இடம். விரல் எடுத்தால் கடிகாரம் ஓடும் என்ற நினைப்பே அவருக்கு அன்று இல்லை.

தௌலத் நாணல் பஞ்சை ஒரு பிடி ஊதிவிட்டான். அது விழாமல் எழும்பியது.

"இப்ப," என்றான்.

கென்ரிக் இரண்டு எட்டு ஓடி, உடம்பையே கூடச் சேர்த்து வீசுவதுபோல் எறிந்தார். தொண்டை கிழியக் கத்தினார். விமானம் செங்குத்தாக ஏறியது. உச்சியில் விசிறி நின்று மடிந்துகொண்டது. பிறகு சத்தமே இல்லாத வட்டங்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ரிஸ்தி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வால் மடங்கியது.

"ஐயோ, முடிச்சு அவுந்துடுச்சு," என்றான் தௌலத்.

கென்ரிக் தன் பெருவிரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"முடிச்சு அவுழல," என்றார் மெதுவாக. "ஏன் ரிஸ்தி?"

அவள் நெற்றியில் கைவைத்து, விமானம் எந்த மேட்டுக்குப் பின்னால் விழுகிறது என்று குறித்துக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம். விமானத்தை எடுத்து வருகிறவர் எறியும் இடத்தில் நிற்க முடியாது. எறிவதற்கு வெகு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, காற்று போகும் பக்கம் இரண்டு மேடு தாண்டிப்போய்க் காத்திருக்க வேண்டும். கல்யாணமான கோடையிலிருந்தே அது ரிஸ்தியின் இடம். அங்கே எந்தக் கத்தலும் கேட்காது, அவர் எறிவதும் தெரியாது. வானத்தில் ஒரு புள்ளி தெரியும். வாலைத் தூக்கிக்கொண்டு, ஆடி ஆடி, அவளை நோக்கி இறங்கும்.

"அவரும் இப்படித்தான் எறிவாரா, கென்ரிக் அண்ணே?" என்று கேட்டாள்.