கண் இல்லாத குஞ்சு

வள்ளக்காரர் தூண்டில் முள்ளில் கோழி இறகைக் கட்டித் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு போனார். அது மீன்குஞ்சாட்டம் துள்ளித் துள்ளி ஓடியது. சூரைமீன் கூட்டமே பின்னால் பாய்ந்தது. சின்னச் சூரைக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அக்கா, இந்தக் குஞ்சுக்குக் கண்ணையே காணோமே?"

"கண்ணைத் தேடிட்டிருந்தா பின்னால வர்றவ முழுங்கிருவா. தள்ளுடி!"

அக்கா லபக்கென்று கவ்வினாள். கவ்வினவள் சர்ரென்று மேலே பறந்து வள்ளத்துக்குள் போய்விட்டாள்.

சின்னது சட்டென்று பின்வாங்கியது. மற்றவையோ, "அடியாத்தி, பறக்குறாளே! அதைத் தின்னா இறக்கை முளைக்கும்போல!" என்று அடுத்த இறகுக்கு முண்டியடித்தன. ஒவ்வொன்றாகப் பறந்தன.

சின்னது பக்கத்தில் நீந்திய இன்னொரு பெரிய சூரையிடம் கேட்டது: "ஏன்க்கா, பறந்தவள்ல ஒருத்தியாவது திரும்பி..."

"ஏய் வாயாடி, உனக்கு நேரா ஒண்ணு வருது பாரு!"

சின்னது வாயை இறுக்க மூடிக்கொண்டது. இறகு அதன் உதட்டை உரசிக்கொண்டு போனது.