அடுப்போரம் ஏழாவது பெட்டி

பாட்டரி மாற்ற மலையேறியே அய்ஸிரெக்கின் முழங்கால் தேய்ந்துவிட்டது. பனி உருகி ஏரி நிரம்பினால் கீழே ஊரை எச்சரிக்கத்தான் ஏரியைச் சுற்றி வைத்த அந்தக் கம்பியில்லாப் பெட்டிகள். கரைக் கம்பத்திலிருக்கும் ஏழாவதைத் தண்ணீர் தொட்டால் ஊரில் சங்கு அலறும்.

அலைச்சல் குறையட்டுமென்று, சார்ஜ் அதிகமுள்ள பெட்டி வழியாகவே எல்லாச் செய்தியும் போகும்படி போன மாதம்தான் மாற்றியிருந்தாள். அன்றிலிருந்து ஏழாவதுக்குத்தான் அத்தனை சுமையும்; ஒவ்வொரு செய்திக்கும் அதன் விளக்கு சிமிட்டும்.

"மத்ததெல்லாம் குளிர்ல சாகுது. அது மட்டும் எப்படிண்ணே தாக்குப்பிடிக்குது?"

"அதைக் கேட்டு எனக்கும் சொல்லு" என்றார் கூட ஏறிவந்த தெமிர்பெக், மூச்சிரைக்க. "இந்தத் தடவை ஆட்டுக்காரங்க கூடாரத்தை ஏன் இவ்வளவு உசரத்துல போட்டிருக்காங்க?"

ஆடு மேய்க்கும் புருல்சாவின் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அய்ஸிரெக் திகைத்தாள். அடுப்போரம், கம்பளிக்குள் ஏழாவது பெட்டி!

"போன மாசம் ராப்பகலா கண்ணைச் சிமிட்டி நடுங்குச்சு தங்கச்சி. பாவமேன்னு அப்பவே தூக்கிட்டு வந்துட்டேன்."

"ஐயோ அக்கா! அந்தக் கம்பம்?"

"அது நேத்தே முங்கிடுச்சே. அதனாலதானே கூடாரத்தை மேல மாத்தினோம்? உக்காருங்க, டீ ஆறுது."

கம்பளிக்குள் பெட்டி நிதானமாகச் சிமிட்டி, தண்ணீர் ஏறவில்லையென்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.