கணினி படிக்காத வரிகள்

காலை பதினொன்று பத்து. நான்காவது முறையாகக் கணினி அவளுடைய கோப்பை ஏற்க மறுத்தது.

வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். கணவன் உட்கார்ந்த நாற்காலி. அவன் இறந்ததால் அவளுக்குக் கிடைத்த வேலை.

நகராட்சியின் பழைய கூட்டப் பதிவுகளுக்குக் குறி போட வேண்டும். இது தேதி, இது பேசியவர், இது தீர்மானம். <தீர்மானம்> என்று திறந்தால் </தீர்மானம்> என்று மூட வேண்டும். உள்ளே திறந்ததை உள்ளேயே மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் திரும்பி வரும்.

பக்கத்து மேசைப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆறு வருடமாக அவன் கோப்புகளைச் சரிபார்த்தவள்.

"டப்பாவத் திறந்தா மூடணும், அவ்வளவுதான் அண்ணி. அண்ணன் இதுல புலி."

வீட்டில் அவன் ஒரு டப்பாவையும் மூடியதில்லை.

அந்தப் பெண் தேநீர் வாங்கப் போயிருந்தாள். கணவன் எப்படி மூடியிருக்கிறான் என்று பார்க்க, இவள் அவனுடைய கடைசிக் கோப்பைத் திறந்தாள். அவன் பேருந்து நிறுத்தத்தில் விழுவதற்கு முந்தின நாள் முடித்தது.

தெருவிளக்குத் தீர்மானத்துக்கும் சாக்கடைத் தீர்மானத்துக்கும் நடுவே அவளுக்குத் தெரியாத ஒரு குறி இருந்தது. கையேட்டைப் புரட்டினாள். இதற்குள் எழுதுவதைக் கணினி படிக்காது, அச்சிலும் வராது, கோப்பைத் திறப்பவர் மட்டுமே பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

<!-- அண்ணே, ரெண்டு இடத்துல தேதி தப்பு. -->

<!-- திருத்தியாச்சு. மாடி ஏறினா இன்னைக்கும் நெஞ்ச அடைக்குது. -->

<!-- டாக்டர்கிட்ட போங்கன்னு எத்தன தடவ சொல்றது? -->

<!-- பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். -->

<!-- அண்ணிகிட்டயாவது சொன்னீங்களா? -->

அதற்குக் கீழே எதுவும் இல்லை. சாக்கடைத் தீர்மானம் தொடங்கியது.

மாரடைப்பு திடீரென்று வந்தது, யாருக்கும் முன்பே தெரியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு மாதமாக அவளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்த பக்கத்து மேசைப் பெண்ணும் அதையேதான் சொன்னாள்.

அவன் மூடியிருந்த வரிசையைப் பார்த்துத் தன் கோப்பைத் திருத்தினாள். கணினி ஏற்றுக்கொண்டது.

பிறகு அவன் கோப்புக்குத் திரும்பினாள். கடைசி வரிக்குக் கீழே அதே குறியைத் திறந்தாள். ஒரு சொல் தட்டினாள்.

<!-- சொல்லல. -->

மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சரிபார்க்க அனுப்பினாள்.

பக்கத்து மேசைப் பெண் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். ஒன்றை அவள் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள்.

"இது அண்ணன் முடிச்ச கோப்பாச்சே அண்ணி, இத எதுக்கு மறுபடி எனக்கு அனுப்பியிருக்கீங்க?"