இரண்டாவது தட்டு

ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுவது எப்போதும் அக்காக்காரிதான்.

நான் கேட்கவே வேண்டாம். செருப்பைக் கழற்றுவதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒன்பது வயது.

"பாருங்க மிஸ், பால் இருக்கு."

இரண்டாவது தட்டில் பால் பெட்டி இருக்கும். அதற்குப் பக்கத்தில் பாதி வெங்காயம், இரண்டு தண்ணீர் பாட்டில்.

'வீட்டில் பிள்ளைகளுக்கு உணவு உள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதுவேன்.

அடுத்து படுக்கை. அதற்கடுத்து பல் துலக்கும் பிரஷ். தம்பிக்காரன் வாயை 'ஆ'வென்று திறந்து பல்லைக் காட்டுவான். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. ஆனாலும் காட்டுவான்.

குழந்தைகள் நலத்துறைக்காக ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்க்க வேண்டிய எனக்கு, இது கால்மணி நேர வீடு. "எல்லா வீடும் இப்படி இருந்துட்டா நம்ம வேலை போயிடும்" என்று மேலாளரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

இன்று நான்காவது தடவை. இன்றும் எல்லாம் சரியாக இருந்தால் இந்தக் குடும்பத்தின் கோப்பை மூடிவிடலாம். இல்லையென்றால் அம்மாவிடமிருந்து பிரித்து, அக்கா ஒரு விடுதிக்கு, தம்பி வேறொரு விடுதிக்கு.

அது அம்மாக்காரிக்கும் தெரியும். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, துவைத்த சேலையில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் பிடி உடையாமல் இருந்த ஒரே கோப்பையில் எனக்கு டீ கொண்டுவந்தாள். வழக்கம்போல் பால் ஊற்றாத டீ. எனக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்துவிட்டாள் போல என்று நானும் ஒவ்வொரு தடவையும் குடித்துவைப்பேன்.

இன்று காலையிலிருந்தே வயிற்றில் எரிச்சல்.

"கொஞ்சம் பால் ஊத்திக் குடுங்கம்மா. வயிறு சரியில்ல."

அம்மாக்காரி மகளைப் பார்த்தாள். மகள் ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அது வேணாம் மிஸ். அதத் தொறந்துட்டா அடுத்த தடவ எதக் காட்டுறது?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவளை நகர்த்திவிட்டுப் பெட்டியை எடுத்தேன். முத்திரை பிரிக்கப்படவே இல்லை. அட்டை நான்கு பக்கமும் உப்பியிருந்தது.

"தம்பி அழுதப்பகூடக் குடுக்கல மிஸ்" என்றாள், நான் மெச்சிக்கொள்வேன் என்று நினைத்து.

தம்பி என் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கோப்பு திறந்தபடி கிடந்தது. அதில் மூன்று 'ஆம்'. மூன்றும் என் கையெழுத்து.

யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தேதி பார்ப்பவளைப் போலப் பெட்டியைத் திருப்பினேன்.

பின்பக்கம் விலைச் சீட்டு பாதி சுரண்டப்பட்டு, மீதி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

சுரண்டியது என் நகம்.

முதல் தடவை நான் வந்தபோது இந்த ஃபிரிட்ஜில் ஒன்றுமே இல்லை. 'இல்லை' என்று எழுத மனம் வராமல் கீழே கடைக்கு ஓடினேன். விலை தெரிந்தால் அந்தம்மா கூசிப்போவாளே என்று, திரும்பி வரும்போது மாடிப்படியில் நின்று சீட்டைச் சுரண்டினேன். பெட்டியை என் கையாலேயே இரண்டாவது தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் 'ஆம்' என்று எழுதினேன்.

அக்காக்காரி அன்று பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.