இரவல் மூச்சு

மில் வாசலில் இருந்த குழாயில் ஊதினால்தான் கதவு திறக்கும். நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்தவர்கள் ஊதினால் சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்கு அவர்களுக்கு வேலை கிடையாது. அதனால் இருமுகிறவர்களுக்கெல்லாம் கூட வேலை பார்க்கும் வேலுத்தாய்தான் ஊதிக் கொடுப்பாள். அவள் ஒருத்தியின் நுரையீரல்தான் இன்னும் கெடவில்லை. சூப்பர்வைசர் ஞானதுரை கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

இன்று காலை அவள் ஒதுங்கி நின்றாள். "அவங்கவங்க மூச்ச அவங்கவங்களே ஊதுங்கக்கா."

ஊதினார்கள். வரிசை முழுக்கச் சிவப்பு. உள்ளே நூல் நூற்கும் ஒரு கதிர்கூடச் சுற்றவில்லை.

ஞானதுரை வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்ன தாயி இது? வழக்கம்போல ஊதிவிடு. மொதலாளி என்னைய உரிச்சுப்புடுவாரு."

"துருப்புடிச்சுக் கெடக்கே தூசி உறிஞ்சுற மிசினு, அத ஓட்டச் சொல்லுங்கண்ணே. இவங்களுக்குச் சம்பளத்தோட வைத்தியம் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் என் மூச்சு எனக்கு மட்டுந்தான்."

உச்சிவெயில் ஏறியபோது முதலாளி இரண்டுக்கும் சம்மதித்து இறங்கிவந்தார். கூரைமேல் தூசி உறிஞ்சும் பெரிய விசிறி கரகரத்துச் சுற்றத் தொடங்கியது.

பெண்கள் குலவை போட்டார்கள். பாதியில் அவர்களுக்கு மூச்சு முட்டியது. மீதிக் குலவையை வேலுத்தாய் ஒருத்தியே தெருமுனை வரை கேட்கும்படி இழுத்து முடித்தாள்.