அண்ணி நடத்திய போராட்டம்

வன அதிகாரி உத்தரவைப் படிக்க ஆரம்பித்ததும் அண்ணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"அண்ணியே வேண்டிக்கிட்டாச்சு. இனி நடக்காம போயிடுமா?" என்று பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

மலைச் சைக்கிள் பாதை மீட்புக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். பிழைப்புக்கு மருந்துக்கடையில் வேலை. குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணி, தலை நரைத்தவர்களுக்கும்கூட.

அவள் கணவருக்கு அங்கே 'தகடு' என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். மலையில் சைக்கிளோடு விழுந்து எழுந்ததில் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று உடம்புக்குள் இரண்டு உலோகத் தகடுகள். அன்று காலைகூட அலுவலக வாசலில் இருந்த சோதனைக் கருவி அவரைப் பார்த்து அலறியது. "ஒண்ணுமில்ல தம்பி, எல்லாம் அந்த மலை குடுத்த மெடலு" என்று காவலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மழையில் பாதை அரித்துப்போய், அதில் சைக்கிள் சக்கரங்கள் மேலும் பள்ளம் பறிக்க, நடக்க வருகிறவர்கள் வழுக்கி விழுந்தார்கள். வனத்துறை சைக்கிளுக்குத் தடை போட்டது. அன்றைக்கே தகடு சபதம் செய்தார்.

"திருட்டுத்தனமா ஓட்டறது நமக்கு வராது. பாதை திறக்கிற வரைக்கும் சைக்கிளைத் தொட மாட்டேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்ன சொல் மாறக் கூடாதுங்க. நானும் உங்க கூட நிக்கறேன்."

நின்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மண்வெட்டியோடு மலையடிவாரத்தில் முதல் ஆள் அவள்தான். மழைத்தண்ணீர் பாதையோடு ஓடாமல் ஓரமாக வடிந்துவிடும்படி கற்களைச் சாய்வாகப் பதிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் பதித்த கல்லை எந்த மழையாலும் அசைக்க முடியவில்லை.

வீட்டுக் கூடத்துச் சுவரில் சைக்கிள் தொங்கியது. தொட மாட்டேன் என்றவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அந்த செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடேன். சபதம் எனக்குத்தானே, உனக்கு இல்லையே" என்பார். அதையும் முகம் சுளிக்காமல் செய்தாள்.

நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. சைக்கிளைக் கண்டாலே ஆகாது. அப்பேர்ப்பட்டவரே, குழு செப்பனிட்ட பாதையைப் பார்த்து மனம் இளகி ஒருநாள் தேடி வந்தார். "காலையில நாங்க நடக்கறோம், மதியத்துக்கு மேல நீங்க ஓட்டுங்க. இதுக்குப் போய் எதுக்குச் சண்டை?"

குழுவே கைதட்டியது. அண்ணி மட்டும் யோசித்தாள். "உங்களுக்கு நல்ல மனசு சார். ஆனா உங்க சங்கத்துல எல்லாரையும் கேட்டீங்களா? நாளைக்கு யாராவது மாத்திப் பேசினா உங்களுக்குத்தானே தலைகுனிவு? பொதுக்குழுவைக் கூட்டிடுங்களேன்."

பொதுக்குழு கூடியது. சங்கமே இரண்டாக உடைந்தது. கார்டு அதை ஒட்டவைப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

அதிகாரியே ஒருமுறை அலுத்துப்போய், "ஓட்டிக்குங்கம்மா, நான் கண்டுக்க மாட்டேன்" என்றார்.

"வாய் வார்த்தை வேணாம் சார். நாளைக்கு உங்களை மாத்திட்டா? முறையா ஆய்வு பண்ணி, மேலிடத்துக்கு அனுப்பி, உத்தரவாவே குடுங்க. அப்புறம், அந்தப் பக்கம் பறவைங்க கூடு கட்டுதே, அதையும் நிபுணரை வெச்சுப் பாத்துடுங்க."

கோப்பு மேலிடத்துக்குப் போனது, போனதுதான். தகடுக்கோ பெருமை தாங்கவில்லை. "எனக்காகத்தான் இவ்வளவும். ஒரு ஓட்டை உடைசல் விட மாட்டா" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

இதோ, இன்றைக்கு அதிகாரி கடைசி வரிக்கு வந்துவிட்டார். "ஆகவே, மேற்படி பாதையில் சைக்கிள்களுக்கு விதிக்கப்பட்ட தடை இன்று முதல் நீக்கப்படுகிறது."

அறையே அதிர்ந்தது. கார்டு தகடைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்ணி கண்ணைத் திறந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"அட, எதுக்கு அழற? அதான் ஜெயிச்சுட்டோமே!" தகடு குழந்தை மாதிரி குதித்தார். "இன்னிக்கு சாயங்காலமே இறங்கறேன். நீ கல்லு பதிச்சியே, அந்த மூணாவது வளைவு, அதுல இனிமே பிரேக்கே பிடிக்காம பறக்கலாம்!"

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "நீங்க முன்னால போங்க. நான் சாருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வரேன்."

கூட்டம் ஆரவாரமாக வெளியேறியது. ஜன்னல் வழியே வாகன நிறுத்துமிடம் தெரிந்தது. அங்கே தகடு கையில் இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்து, குனிந்து, வளைந்து, எப்படி இறங்கப்போகிறார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வலது கை உயர்ந்த அளவுக்கு இடது கை உயரவில்லை.

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்லப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நன்றியெல்லாம் எதுக்கும்மா?" அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "உங்களை மாதிரி விடாப்பிடியா நின்ன ஒருத்தரை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. இன்னும் ஏதாவது உதவி வேணும்னா தயங்காம கேளுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இந்த உத்தரவை எதிர்த்து எங்க சார் அப்பீல் பண்ணணும்?"